ஓமண்ணை

எங்கள் ஆட்களுக்கு ஒருவருடைய முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. அதற்காகவே ‘பாப்பம்’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். பிறந்தநாளுக்கு வருவீர்களா? பாப்பம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு நிற்பீர்களா? பாப்பம். கேட்டவருக்கும் விளங்கிவிடும், சொன்னவருக்கும் பழி இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவரிடம் அந்தப் ‘பாப்பம்’ கூட இருக்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் ஆம் என்கிற ‘ஓம்’தான். அதுவும் இழுத்து, யோசித்து, தலையைச் சொறிந்து சொல்கிற ஓம் அல்ல. கேள்வி முடியுமுன் வந்து விழுகிற ஓம். தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அவரை ‘ஓமண்ணை’ என்றே கூப்பிட்டார்கள்.

நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரின் முன்பாதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்பாதிதான் வாயில் வர மறுத்தது. ‘இஞ்ச பாருங்கோ’ என்பேன். ‘கேக்குதே’ என்பேன். தூரத்தில் நின்றால் கையைத் தட்டுவேன். ஓர் ஆணை அண்ணை என்று கூப்பிடாமல் வருசக்கணக்காகச் சமாளிப்பது என்ன பாடு என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததா என்பதுதான் எனக்கு அப்போது தெரியாமல் இருந்தது.

தோட்டம் அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருந்தது. மெல்பேணிலிருந்து காரில் நாலு மணித்தியாலம். ஒருகாலத்தில் அங்கே புகையிலை போட்டார்கள். புகையிலைக்கு மதிப்பில்லாமல் போனபிறகு தோட்டத்து முதலாளியான எங்கள் பொஸ் யப்பான் தேயிலைக்கு மாறினார். தேயிலை என்றதும் மலைச்சரிவும் கூடை சுமந்த பெண்களும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது நீள நீளமாக, தலையணைகளை வரிசையாக அடுக்கியதுபோல உருட்டி வெட்டிவிட்ட வேலி. வரிசையின் இரண்டு பக்கமும் கால் வைத்து நடக்கிற ஓர் இயந்திரம் மேலே வந்த கொழுந்தைத் தலைமயிர் வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய இலையை வாடவிடக் கூடாது. சுடச்சுட ஆவியில் அவித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பச்சை போய்விடும்.

நான் மெல்பேணில் உணவு விஞ்ஞானம் படித்தவள். நகரத்துக்கு வெளியே சில வருசம் வேலை செய்தால்தான் பிஆர், அதாவது நிரந்தர வதிவுரிமை, தருவோம் என்ற விசாவில் அங்கே போய்ச் சேர்ந்தேன். இலையின் தரம் பார்ப்பது, பொதி செய்வது, வருகிற வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுத்துச் சிரிப்பது என் வேலை. அங்கே இருந்த தமிழர் எல்லோரும் அப்படி விசாவுக்காக வந்தவர்கள்தான். காலையில் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாக ‘பிஆர் வந்திட்டுதே?’ என்றுதான் கேட்டுக்கொள்வோம். வந்துவிட்டால் ஒரு சமையல், தேயிலை வரிசைகளுக்கு நடுவே நின்று நாலு படம், அடுத்த கிழமை மெல்பேண்.

அவர்களுடைய கட்டிலையும் சோபாவையும் மெல்பேணுக்கு ஏற்றிப்போய் இறக்குகிறவர் அவர்தான். ‘அண்ணை, லொறி ஓட ஏலுமே?’ ‘ஓம்.’ பொஸ்ஸின் லொறியில் ஏற்றிப் போவார், வெறும் லொறியோடு திரும்பி வருவார். என் வீட்டு அறையில் என்னோடு இருந்த கவிதா கலியாணம் முடித்துப் போனபோது அவளுடைய குளிர்சாதனப் பெட்டியை இரண்டாம் மாடிக்கு முதுகில் சுமந்திருக்கிறார். ‘ஓமண்ணை இல்லாட்டி எங்கட பாடு என்னடி’ என்று அவள் போனில் சொன்னாள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன எங்கள் சனம் முழுவதையும் குடியேற்றி வைத்தவர் அவர். அவருக்கு நான் வருவதற்கு முதலே பிஆர் வந்துவிட்டது. போகவில்லை. நில் என்று பொஸ் கேட்டிருப்பார், இந்த மனிசன் ஓம் என்றிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வேலைக்கு எடுபட்டதே ஓம் சொல்லித்தான். அவர் மன்னார் ஆள். கடலும் உப்புக் காற்றும் பனைமரமும் உள்ள இடம். அங்கே தேயிலை என்பது கடையில் பைக்கற்றில் தொங்குவது. பொஸ்ஸுக்கோ இலங்கை என்றால் கரையிலிருந்து கரைவரை தேயிலை. ‘நீ சிலோன்காரன், உனக்குத் தேயிலை தெரியுமே’ என்று கேட்டாராம். இவர் ஓம் என்றிருக்கிறார். என்னையும் அதேதான் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரியின் வாய் சும்மா இருக்குமா? எங்கள் ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர், தேயிலையை நான் கோப்பைக்கு வெளியே கண்டதில்லை என்று சொன்னேன். பொஸ்ஸின் தகப்பனும் அதே நிலத்தில் புகையிலை போட்டவர் என்றபடியால் அதிலேயே எனக்கு வேலை கிடைத்தது.

“பொய்தானே சொல்லி வந்தனீங்கள்?” என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன்.

“பொய்யில்லையே. தேயிலை தெரியும்தானே. பின்னேரத்தில குடிச்சனான்.”

சிரிக்காமல் சொன்னார். ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு அதை உண்மையாக்குவதற்கு ஓடித் திரிவதிலேயே அந்த மனிசனின் காலம் போனது. தேயிலை தெரியும் என்று சொல்லிவிட்டதற்காகத் தேயிலையைப் படித்தார். இயந்திரம் ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டதற்காக ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து வெறும் வரிசையில் ஓட்டிப் பழகினார்.

ஆனால் அந்தத் தேநீர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. “புல்லு அவிச்ச தண்ணி” என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொல்லுவார். பொஸ் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் தலையை ஆட்டுவார். இடதுகை உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு தேநீர். ஊரில் பால் விடாத பிளேன்ரீ குடிக்கிற அதே முறை. யப்பானில் விரலால் கோப்பையைத் தாங்கி முகர்ந்து பார்த்துக் குடிக்கிற சாமானை இந்த மனிசன் கையை நக்கிக் குடிப்பதைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். சிரிப்பும் வரும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் பிடிக்கும். அதை இப்போது மறைத்து என்ன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லோருக்கும் ஓம் சொல்கிறவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் கூப்பிடமாட்டார். ஒருமுறை நிழல் சீலைச் சுருளைத் தனியே தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பன்தானே?” என்று ஏசினேன்.

“கேட்டா நீங்கள் ஓம் எண்டுதானே சொல்லவேணும். பாவம்.”

உலகத்தில் எல்லோரும் தன்னைப்போலத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேட்பது என்பது அவருக்கு ஒருவரைப் பொறியில் மாட்டுவது மாதிரி.

நிழல் சீலை என்றேன். அதை விளங்கப்படுத்தவேண்டும், ஏனென்றால் அதில்தான் அவருடைய ஓம் நன்றாக மாட்டுப்பட்டது. நான் போன காலத்தில் தோட்டத்தில் முறுக்கிக் காயவைத்த இலைத் தேயிலைதான் அதிகம் செய்தோம். பிறகு மெல்பேணிலும் சிட்னியிலும் சின்னப் பெட்டையள் முழுவதும் மட்சா என்கிற பச்சைத் தூளைப் பாலில் அடித்துக் குடித்துப் படம் போடத் தொடங்கினார்கள். சிட்னியில் லிட்கமில் இருக்கிற என் சித்தியின் மகள், வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் தொடாதவள், அதற்கு வரிசையில் நின்றாள். அந்தத் தூளுக்கான இலையை வெட்டுவதற்குச் சில கிழமை முதலே கறுப்புச் சீலையால் மூடிவிடவேண்டும். வெயில் குறையக் குறைய இலை கடும்பச்சையாகி, கசப்பும் குறையும். மரம் ஆனால் களைத்துப்போகும்.

ஒரு வசந்தத்தில் மெல்பேணிலிருந்து ஒரு கஃபேக்காரி வந்தாள். தூள் இன்னும் பச்சையாக வேண்டும், கசக்கவே கூடாது, தருவீர்களா என்று கேட்டாள். இவர் ஓம் என்றார். அதே கிழமை ஒரு யப்பான் உணவகத்துக்காரர் வந்தார். இப்போது எல்லோரும் சீலை போட்டு இலையின் குணத்தையே கெடுக்கிறார்கள், வெயிலில் வளர்ந்த கசப்புள்ள இலைதான் தனக்கு வேண்டும், ஒரு மரமும் மூடாமல் தருவீர்களா என்றார். அதற்கும் ஓம். நான் பக்கத்தில் நின்று காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

பிறகு என்ன, ஒரு வரிசை மூடி, ஒரு வரிசை திறந்து, தோட்டம் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகக் கோடு விழுந்தது. மூடின வரிசைகளைத் தனியே, மூடாத வரிசைகளைத் தனியே வெட்ட அவர் முன்னும் பின்னும் ஓடினார். திறந்து கிடந்ததில் பாதியைப் பனி கருக்கியது. இரண்டு பேருக்கும் பாதிதான் கொடுக்க முடிந்தது. பொஸ் கத்தின கத்தலில் மலைக்கு அப்பால் இருந்த மாடுகள் திரும்பிப் பார்த்திருக்கும். “இனி இப்படிச் சொல்லமாட்டாய்தானே?” என்று கடைசியில் கேட்டார். அவர் “ஓம்” என்றார்.

பனியைப் பற்றியும் சொல்லவேண்டும். மன்னார் மனிசன் பனி விழுந்து கண்டது அங்கேதான். முன்பெல்லாம் குளிர்காலம் ஒழுங்காகக் குளிர்ந்து, ஒழுங்காக முடியுமாம். நாங்கள் இருந்த வருசங்களில், அந்த நாட்டுக் குளிர்காலமான ஓகஸ்டிலேயே வெயில் சிரிக்கத் தொடங்கிவிடும். தேயிலை அதை நம்பி முளைத்துவிடும். பிறகு செப்டெம்பரில் ஒருநாள் விடியப் பார்த்தால் முளை எல்லாம் கறுத்துக் கிடக்கும். அதற்காக உயரக் கம்பங்களில் பெரிய காற்றாடிகள் பூட்டியிருந்தார்கள். மேலே நிற்கிற சூடான காற்றைக் கீழே தள்ளுவதற்கு. ஓடத் தொடங்கினால் ஹெலிகொப்டர் இறங்குகிற சத்தம்.

பக்கத்துக் காணியில் ஒரு மனிசி விருந்தினர் தங்குகிற குடில்கள் வைத்திருந்தாள். விடியமுன் அந்தச் சத்தம் வேண்டாம், என் ஆட்கள் நித்திரை முழிக்கிறார்கள் என்று இவரிடம் வந்து கேட்டாள். ஓம் என்றுவிட்டார். பொஸ்ஸுக்கும் காற்றாடி போடுகிறேன் என்று ஓம் சொல்லி வைத்திருந்தார். என்ன செய்தார் தெரியுமா? காற்றாடியைப் போட்டார். போட்டுவிட்டு ஒரு பெரிய பிளாஸ்கில் தேநீரும் மடியில் சீனிப் பைக்கற்றுமாய்க் குடில் குடிலாய்ப் போய்க் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். முழித்த சனத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளிச்சம் வரும்போது வெள்ளை விழுந்திருந்த வரிசைகளையும் காற்றாடிக்குக் கீழே தப்பி நின்ற பச்சையையும் காட்டினார். கம்பளி போர்த்துக்கொண்டு நின்ற அந்த வெள்ளைக்காரச் சனம் உள்ளங்கையில் சீனி நக்கிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அடுத்த வருசம் அந்த மனிசி ‘பனிக்காலைத் தேநீர்’ என்று விளம்பரமே போட்டாள்.

யப்பானிலிருந்து வருசத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வருவார். அங்கே தன் குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியிலும் போய் ஆலோசனை சொல்பவர். என்னைவிடக் கொஞ்சம் மூப்பு, மெல்லிய ஆள், மண்ணை நுள்ளி வாயில் போடுவார். அவர் முதல்தரம் இவருடைய சீனிக் கையைக் கண்டபோது நான் நிலம் பிளக்காதா என்று நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருசம் வரும்போது அந்தச் சீனிக் கைக்கென்றே ஒரு பெட்டி இனிப்புக் கொண்டு வந்தார். யப்பானிலும் முதலில் இனிப்பு, பிறகுதான் கசப்பாம். இரண்டு பேரும் படியில் இருந்து தின்று குடித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள், அதனால் என் எரிச்சலுக்கு ஒரு நியாயமும் இல்லை. இருந்தும் வந்தது.

கறுப்பும் பச்சையுமாகக் கோடு விழுந்த அந்த வருசம் அந்த யப்பான் பெண் எங்கள் எல்லோரையும் மேல்சரிவுக்குக் கூட்டிப்போனார். தங்கள் ஊரிலும் இதே கதைதான் என்றார். குளிர்காலம் சூடாகிறது, மரம் ஏமாந்து முளைக்கிறது, பனி வந்து கருக்குகிறது. கீழே உள்ள மரங்களை நம்பிப் பயனில்லை. பிந்தி முளைக்கிற இனம் ஒன்று இருக்கிறது. இப்போதைய ஆட்கள் கேட்கிற பச்சையும் மென்மையும் அதில் உண்டு. குளிர் கீழேதான் தேங்கும், ஆகவே இந்த மேல்சரிவில் நடுங்கள் என்றார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“போன வருசம் நான் கண்ட முகங்களில் பாதி இங்கே இல்லை. இந்தக் கன்றுகள் வெட்டுக்கு வர ஐந்து வருசமாவது ஆகும். அதுவரை இதற்குப் பக்கத்தில் யார் நிற்பது?”

பிஆருக்குக் காத்திருந்த நாங்கள் எல்லோரும் அவரவர் சப்பாத்தைப் பார்த்தோம்.

“நான் நிக்கிறன்,” என்றார் இவர் ஆங்கிலத்தில்.

எனக்குப் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஓமண்ணையின் கணக்கில் இன்னும் ஓர் ஓம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த யப்பான் பெண் மட்டும் அவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தக் கன்றுகளை அவர் வளர்த்த விதத்தைச் சொன்னால் பிள்ளை வளர்த்தவர்களுக்கே கூச்சமாக இருக்கும். மலைக்கு அப்பால் காடு எரிந்து புகை வந்து பள்ளத்தாக்கை மூடிய கோடையில் இரண்டாம் வெட்டு முழுவதும் சாம்பல் மணத்தது. பொஸ் அதை அப்படியே குப்பையில் கொட்டச் சொன்னார். நாங்கள் முகமூடியோடு உள்ளே இருந்தோம். அவர் மேல்சரிவில் நின்று, மட்சாவுக்கு வாங்கின கறுப்புச் சீலைகளைக் கன்றுகளுக்கு மேலே கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் போத்தலோடு ஏறிப் போனேன். இருமிக்கொண்டே, “உங்களுக்கேன் கரைச்சல், உள்ளுக்கப் போங்கோ,” என்றார். நான் போகவில்லை. சீலையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அவர் கேட்கவில்லை, நானாகப் பிடித்தேன். அன்று முழுவதும் நாங்கள் பேசின வார்த்தைகள் ‘இறுக்குங்கோ’, ‘விடுங்கோ’ மட்டும்தான். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நாள் ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

ஆசை அப்போதே முழுசாக வந்துவிட்டது. பயமும் கூடவே வந்தது. எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது, அவருக்கு நாற்பது. தடுக்க ஒருவரும் இல்லை. என்னைக் கட்டுவீர்களா என்று நான் கேட்டால் அவர் ஓம் என்பார். அதுதான் பயம். கஃபேக்காரிக்கும் சொன்ன ஓம், உணவகத்துக்காரருக்கும் சொன்ன ஓம். கவிதாவின் குளிர்சாதனப் பெட்டிக்குச் சொன்ன அதே ஓம் எனக்கும் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காலம் முழுவதும் அந்த மனிசன் சொன்ன சொல்லை உண்மையாக்குவதற்காக என்னோடு ஓடித் திரிவாரா? கேட்காமலே இருந்தேன்.

எனக்கும் பிஆர் வந்தது. சோறும் படமும் ஆனது. யாழ்ப்பாணத்தில் தனியே இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளவேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மெல்பேணின் ஓரத்தில் வெரிபீயில் ஒரு வீடு பார்த்தேன். “சாமான் ஏத்த வருவீங்களோ?” என்று அவரைக் கேட்டேன். வேறு எதைக் கேட்கிறது? “ஓம்,” என்றார்.

நாலு மணித்தியாலமும் வானொலியைக் கேட்டுக்கொண்டு வந்தோம். வெரிபீயில் எல்லா வீடும் ஒரேமாதிரிப் புதுசாக, ஒரு மரம் இல்லாமல் நின்றன. கட்டில், மேசை, இரண்டு கதிரை. இறக்கி முடித்தபோது அவருடைய சேட்டு நனைந்துபோயிருந்தது. குசினியில் ஒரு பெட்டியைக் கிழித்துக் கேத்திலையும் தேயிலையையும் எடுத்தேன். பிளேன்ரீதான். அவர் பழக்கத்தில் இடதுகையை நீட்டினார். சீனிப் பைக்கற்றைப் பல்லால் கடித்துத் திறந்து அந்த உள்ளங்கையில் நான் கொட்டினேன். கொட்டின கையோடு கேட்டுவிட்டேன்.

“இஞ்ச பாருங்கோ. திரும்பிப் போகாதேங்கோ. என்னோட இஞ்சையே இருந்திடுங்கோ. சாமான் தூக்க ஆள் கேக்கேல்லை நான். விளங்குதுதானே?”

கேள்வி முடியுமுன் பதில் வரவில்லை. அவரைத் தெரிந்த நாள் முதலாக அதுதான் முதல்தடவை.

“விளங்குது,” என்றார்.

“அப்ப?”

“இல்லை.”

வெறும் வீட்டில் அந்தச் சொல் பெரிதாகக் கேட்டது. கேத்தில் இன்னும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நான் அழவில்லை, கோபம்தான் வந்தது.

“ஊர் உலகத்துக்கெல்லாம் ஓம். எனக்கு மட்டும் இல்லையோ?”

அவர் கையிலிருந்த சீனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேர்வையில் அது கரையத் தொடங்கியிருந்தது.

“மற்றாக்களுக்கு ஓம் எண்டா, செய்து குடுத்துப்போட்டு வந்திடலாம்,” என்றார். “உங்களுக்கு ஓம் எண்டா எனக்குத் திரும்பி வரேலாது. அந்தக் கண்டுகளுக்குப் பக்கத்தில நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மேல்சரிவில் சொன்னது மற்ற ஓம்களைப்போல ஒன்றல்ல என்று. விளங்கி என்ன? அந்த நேரத்தில் அவர், ‘நீங்கள் வாறீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறக்கின கட்டிலைத் திரும்ப லொறியில் ஏற்றியிருப்பேன். அம்மாவையும் அங்கேயே கூப்பிட்டிருப்பேன். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்காத மனிசன் என்றுதான் முதலே சொன்னேனே. தேநீரைக் குடித்து, கையை நக்கி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “போட்டு வாறன்,” என்று போனார். லொறிக் கயிற்றை மறந்துபோய் ஒருமுறை திரும்பி வந்தார். நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன். கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா வந்து சேர்ந்தா. வந்த கையோடு சிறுநீரகம் பழுதாகி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவவைக் கொண்டுபோய் விட்டு, ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய், பின்னேரம் கூட்டி வருகிறேன். என் கைத்தொலைபேசியில் வெரிபீயின் வானிலைக்குக் கீழே அந்தப் பள்ளத்தாக்கின் வானிலையும் இருக்கிறது. செப்டெம்பரில் பனி என்று காட்டினால் ரயிலிலிருந்து அவருக்குப் போன் எடுப்பேன்.

“பனி விழுந்ததே?”

“ஓம்.”

“கண்டுகள்?”

“இன்னும் முளைக்கேல்லை. நித்திரை. தப்பியிட்டுதுகள்.”

“நீங்கள் சுகமே?”

“ஓம்.”

இவ்வளவுதான் எங்கள் கதை. இதற்காக அந்த ரயில் பெட்டியில் எனக்கு ஒரு மூலை இருக்கை இருக்கிறது. எல்லோருக்கும் ஓம் சொன்ன மனிசன் எனக்கு மட்டும் இல்லை சொன்னார். முதல் வருசம் அது காயமாக இருந்தது. பிறகு பிறகு, அவர் எனக்கென்று மட்டும் தந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கத் தொடங்கி, இப்போது அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன்.

போன ஒக்டோபரில் அவராகவே எடுத்தார். அவர் எனக்கு எடுத்தது அது முதல்தடவை. நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அம்மாவின் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“மேல்சரிவில முதல் வெட்டு வெட்டியாச்சு,” என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. “யப்பானால அவவும் வந்து நிக்கிறா. நல்லா வந்திருக்கு. குடிச்சுப் பாத்தனான்.”

“புல்லு அவிச்ச தண்ணியோ?”

“இல்லை. இதுக்குச் சீனி தேவையில்லை.”

பின்னால் இலை அவிக்கிற ஆவியின் இரைச்சல் கேட்டது. அந்த மணமும் எனக்கு வந்தது, நம்பினால் நம்புங்கள்.

“வந்து ஒருக்காக் குடிச்சுப் பாக்கிறீங்களா?” என்று கேட்டார்.

கேட்டார். அவர் என்னைக் கேட்டார். இவ்வளவு காலமும் எந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றேனோ அது வந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் அம்மா இயந்திரத்தில் கை கொடுத்துக்கொண்டு, நான் எங்கே என்று கதவைப் பார்த்தபடி படுத்திருந்தா. அவவுக்கு வேறு ஆள் இல்லை. ஒருநாளைக்குப் போய்விட்டு வரலாம்தான். ஆனால் போனால் எனக்குத் திரும்பி வர ஏலாது என்று எனக்குத் தெரியும். சீலையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தவள் நான்.

“பாப்பம்,” என்றேன்.

அவரும் எங்கள் ஆள்தானே. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உடனே சொல்லவில்லை. மூச்சு விடுகிற நேரம் எடுத்து,

“ஓம்,” என்றார்.